கைக்கெட்டாத போல்ட்டுக்கு ஒரு கையேடு

லாரியிலிருந்து கியர் பாக்ஸை இறக்குவது சுலபமான வேலை. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இன்ஜினோடு அதைச் சேர்த்துப் பிடித்திருப்பவை பன்னிரண்டே போல்ட்டுகள். அவற்றில் பத்தை, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் கழற்றிவிடுவான். மீதி இரண்டுக்காகத்தான் இந்தக் கையேடு. அந்த இரண்டை எப்படிக் கழற்றலாம், கழற்ற முடியாத நேரத்தில் யாரைத் திட்டலாம், லாரி முதலாளி போன் செய்தால் என்ன பதில் சொல்லலாம் என்பதெல்லாம் இதில் அடக்கம்.

பன்னிரண்டு என்பது யாரோ மனம்போன போக்கில் வைத்த எண்ணல்ல. ஃப்ளைவீல் ஹவுசிங் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. இரண்டாம் நம்பர் ஹவுசிங் என்றால் 466.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் 12 துளைகள். ஒன்றாம் நம்பர் என்றால் துளைகள் அதே 12தான், வட்டம் மட்டும் 530.2 மில்லிமீட்டராகப் பெருக்கும். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதால்தான் ஒரு கம்பெனியின் இன்ஜினோடு இன்னொரு கம்பெனியின் கியர் பாக்ஸ் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகிறது. துளை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தசமப் புள்ளி வைத்துச் சொன்ன பெரியவர்கள், அந்தத் துளைக்குள் போகும் போல்ட்டைத் திருப்பும் கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நம் கற்பனைக்கு விட்டுவிட்டார்கள்.

வசதிக்காக அந்த வட்டத்தை ஒரு கடிகாரமாக வைத்துக்கொள்வோம். மூன்று மணி, ஒன்பது மணிப் பக்கத்து போல்ட்டுகள் கண்ணெதிரே இருக்கும். ஆறு மணிப் பக்கம் இருப்பவை, குழிக்குள் நின்றால் மூக்குக்கு நேரே வந்து, தம்மேல் படிந்திருக்கும் கிரீஸையும் சேற்றையும் குழைத்து உங்கள் நெற்றியில் இட்டு ஆசீர்வதிக்கும். பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் இருப்பவைதான் நம் கதாநாயகர்கள். அவர்களுக்கு மேலே கேபின் தரை. பின்னால் டாப் கவரும் கியர் ராடும். இரு பக்கமும் ஏர் பைப்பு, வயர்க் கட்டு, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு கிளாம்ப். நடுவே மிஞ்சும் இடத்தில் ஒரு கை நுழையும், ஸ்பேனரும் நுழையும், இரண்டும் சேர்ந்து நுழையாது.

அந்த இடத்தில் போல்ட்டை எப்படித்தான் மாட்டினார்கள் என்ற கேள்வி குழிக்குள் நிற்கும் எல்லோருக்கும் வரும். விடை எளிது. அந்த இடத்தில் மாட்டவே இல்லை. எண்ணூரோ ஜாம்ஷெட்பூரோ, தொழிற்சாலையில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தனியாக ஒரு மேடையில் வைத்து, நாலு பக்கமும் வெளிச்சம் வர, நின்றபடியே முடுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஜோடியாகத் தூக்கிச் சேஸிஸில் இறக்குகிறார்கள். கேபின் வருவது அதற்கும் பிறகு. ஆக, அந்த போல்ட் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சுகமாக முடுக்கப்பட்டது. அதை முடுக்கியவர் சட்டையில் கறை படாமல் வீட்டுக்குப் போயிருப்பார். அவரைத் திட்ட வேண்டாம்; அவருக்குக் காதில் விழாது.

வெறும் சேஸிஸாக வாங்கி வந்து நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாடி கட்டிய வண்டி என்றால் கதை இன்னும் ஒரு அத்தியாயம் நீளும். கேபினைக் கட்டியவர் மரமும் தகரமும் கொண்டு தம் பங்குக்கு ஒரு தரை போட்டிருப்பார். அதன் மேல் ரப்பர் பாய். பாயின் மேல் தண்ணீர் கேன், ஸ்டவ், கிளீனரின் போர்வை. தரைக்கு அடியில் ஏர் ஹாரனுக்கு ஒரு பைப்பு, ஸ்பீக்கருக்கு இரண்டு வயர், சீரியல் பல்புக்கு நான்கு வயர். இவை எல்லாமே நம் பதினோரு மணி போல்ட்டின் தலைக்கு மேலாகத்தான் போகும். வேறு வழியில் போகக் கூடாது என்று ஏதோ வேண்டுதல் இருக்க வேண்டும்.

முன்னேற்பாடு

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரில்தானே நிற்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்பார்கள். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடியே கியருக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிடும். அதன் பிறகு வண்டியைப் பிடித்திருப்பது கட்டை மட்டுமே. செல்ஃப் மோட்டாரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிடுங்கள். கியர் பாக்ஸின் எடை நூறு கிலோவில் தொடங்கும். பெரிய வண்டிகளில் முந்நூறு வரை போகும். அதை ஒரே ஒரு ஜாக்கியை நம்பி நிறுத்தி வைத்து அடியில் படுப்பவருக்கு இந்தக் கையேடு பயன்படாது. அவருக்கு வேறு ஏற்பாடுகள் தேவைப்படும். சங்கிலிக் கப்பியையும் அடிக்கட்டைகளையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சேஸிஸ் சேறு கண்ணில்தான் விழும்; அதற்கு வேறு இடம் தெரியாது.

ஸ்பேனர் நம்பர் பார்க்கும் முறை

கண்ணுக்குத் தெரியாத போல்ட்டின் தலை என்ன நம்பர் என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. எம் 10 போல்ட் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜெர்மன் முறைப்படி அதன் தலை பதினேழு. பின்னால் வந்த சர்வதேச முறைப்படி பதினாறு. ஜப்பான்காரர்கள் செய்ததென்றால் பதினான்கு. பழைய லேலண்டாக இருந்து, போல்ட் இஞ்ச் கணக்கில் மூன்றின் கீழ் எட்டு என்றால், தலை ஒன்பதின் கீழ் பதினாறு இஞ்ச். அதாவது பதினான்கேகால் சொச்சம் மில்லிமீட்டர். பதினான்கு ஸ்பேனர் ஏறாது, பதினைந்து நிற்காது. நம் ஊரில் 16-17 என்று இரண்டு வாயும் சேர்ந்த ஸ்பேனரே விற்பதால், இருட்டில் எந்த வாயைப் போட்டோம் என்பது மூலை மழுங்கிய பிறகுதான் தெரியவரும்.

இதற்கு அறிவாளிகள் சொல்லும் யோசனை: கீழே இருக்கும் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் ஒரே செட்தானே. நல்ல யோசனைதான். வண்டி தொழிற்சாலையிலிருந்து நேராக உங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் பலிக்கும். நடுவில் ஒரு கை பட்டிருந்தால், கீழே பத்தும் பதினேழாகவும், மேலே ஒன்று பத்தொன்பதாகவும் இருக்கும். அதற்கு வாஷரும் இரண்டு போட்டிருக்கும். அந்த நேரத்தில் டப்பாவில் கிடைத்தது அதுதான்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அந்த போல்ட் அங்கே இல்லாமலே இருக்கலாம். முன்னால் இறக்கியவர் உங்களைப் போலவே பட்டிருப்பார். ஏற்றும்போது, பதினொன்று போதாதா என்று தத்துவார்த்தமாக முடிவெடுத்திருப்பார். எனவே எந்த முயற்சியும் தொடங்குவதற்கு முன் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அல்லது செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சையும் போட்டு, அந்தச் சந்துக்குள் நுழைத்து எடுங்கள். முன்பெல்லாம் உடைந்த சைடு மிரர் துண்டை வைத்துப் பார்த்தார்கள். அது விழுந்தால் நஷ்டம் குறைவு.

கைவழி

நம் மக்கள் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். எதையும் கூடுதலாகக் கழற்றாமல் கையை நுழைத்து ஸ்பேனரால் திருப்புவது. வாட்சைக் கழற்றிவிட்டு, இடது கையைக் கியர் பாக்ஸுக்கு மேலே முழங்கை வரை செலுத்துங்கள். முழங்கை மாட்டிக்கொள்ளும். பதற வேண்டாம். மாட்டிக்கொள்வதும் செய்முறையின் ஒரு பகுதி.

வாய் ஸ்பேனரைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் தலை நேராக இருக்காது. தண்டிலிருந்து பதினைந்து டிகிரி சாய்ந்திருக்கும். அது அழகுக்காக வைத்ததல்ல. ஒருமுறை திருப்பி, ஸ்பேனரை எடுத்து, குப்புறக் கவிழ்த்து மறுபடி போட்டால், முப்பது டிகிரி இடம் இருந்தாலே ஆறுமூலைத் தலையைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே போகலாம். இதைக் கண்டுபிடித்தவருக்கு எல்லாப் பட்டறைகளிலும் படம் மாட்ட வேண்டும்.

இப்போது கணக்கு. முப்பது டிகிரி என்றால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு முறை. எம் 10 போல்ட்டின் புரி ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும். 24 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் பதினாறு சுற்று. ஆக 192 முறை ஸ்பேனரை எடுத்து, கவிழ்த்து, போட்டு, திருப்ப வேண்டும். நாலு சுற்றுக்குப் பிறகு விரலாலேயே சுற்றிவிடலாம் என்று புத்தகங்கள் சொல்லும். புத்தகத்தில் இருக்கும் போல்ட்டின் புரியில் துரு கிடையாது. 72 பல் ராட்செட் இருந்தால் ஐந்து டிகிரிக்கே ஒரு கிளிக் கிடைக்கும், வேலை பறக்கும். ஆனால் அந்த ராட்செட்டின் தலை கொஞ்சம் தடிமன். எவ்வளவு தடிமன் என்றால், அந்தச் சந்தில் இருக்கும் இடத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதல்.

துருவுக்கு முதல் நாள் இரவே டீசலோ துரு எண்ணெயோ ஊற்றி ஊறவிடுவது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வண்டி பட்டறைக்கு வருவது மறுநாள் காலையில்தான் என்பதால் இதை யாரும் செய்வதில்லை. கொஞ்சம் முடுக்கிவிட்டுப் பிறகு லூஸ் செய்தால் துரு பிடி விடும் என்பது இன்னொரு பழைய யுக்தி. இது நிஜமாகவே வேலை செய்யும். முடுக்கும்போதே தலை அறுந்து கையோடு வந்துவிட்டால், அதையும் கழன்றதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். துளைக்குள் மிச்சமிருக்கும் துண்டைப் பற்றி வேறொரு கையேட்டில் பார்ப்போம்.

நீள்வழி

கை போகாத இடத்துக்குக் கம்பி போகும் என்பது இந்த வழியின் கொள்கை. கியர் பாக்ஸின் வாலுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிய இடத்தில், தாராளமாக இடம் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷனை ஒன்றோடொன்று செருகி, நுனியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதன் நுனியில் பாக்ஸ் ஸ்பேனர் என்று கோர்த்து, டாப் கவருக்கு மேலாக முன்னோக்கி நீட்டிவிடலாம். இந்த வித்தையைத் தெரிந்தவர்கள் கைவழிக்காரர்களைப் பார்த்து உள்ளூரச் சிரிப்பார்கள். நியாயம்தான். சரியாக அமைந்தால் ஐந்து நிமிட வேலை.

அந்த யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி 1676இல் எழுதிய நூலில் இந்த மூட்டை விவரித்திருக்கிறார். நீங்கள் சற்று முன் கழற்றி ஓரமாகப் போட்டீர்களே, புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் கிராஸ் என்ற பெயரில் இருப்பது இதன் அண்ணன். மூட்டு அதிகமாக மடிந்தால் திருப்பம் சீராகப் போகாது, திக்கித் திக்கிப் போகும் என்பது அன்றே தெரிந்த சேதி. ஆகவே மடிப்பைக் குறைவாக வையுங்கள். தொங்கிப்போகாமலிருக்க ஜாயின்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். விறைப்பாகவும் நிற்கும், வேண்டிய அளவு வளையவும் செய்யும். ஹூக்குக்கு டேப் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நூலில் அதையும் எழுதியிருப்பார்.

இனி கூட்டு முயற்சி. மெக்கானிக் பின்னால் ராட்செட்டோடு. பையன் பக்கவாட்டில், கையை மேலே விட்டு, பாக்ஸை போல்ட்டின் தலையில் மாட்டிவிட வேண்டும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இருவருக்கும் போல்ட்டும் தெரியாது.

“டேய், மாட்டிருச்சாடா?”

“மாட்டிருச்சுங்ணா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாக்கறதுக்கு எங்கீங்ணா தெரியுது. தொட்டுத்தான் மாட்டுனனுங்க. கெட்டியா இருக்குதுங்க.”

மெக்கானிக் இழுப்பார். துருப்பிடித்த போல்ட்டுக்குக் கொடுக்கும் பலத்தில், மூன்றடி நீளத்து அரை இஞ்ச் எக்ஸ்டென்ஷன் தானே இருபது டிகிரி வரை முறுக்கிக்கொள்ளும். அது இரும்பின் குணம். கையில் பிடித்திருப்பவருக்கோ போல்ட் அசைந்துவிட்டதாகப் பரவசம். விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஏர் கன் வைத்து அடித்தாலும் இதே கதைதான். அடியில் பாதியைக் கம்பியே வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் போல்ட்டுக்குச் சொல்லும். எனவே முக்கால் இஞ்ச் கம்பி கிடைத்தால் அதையே போடுங்கள். இரண்டாவது இழுப்பில் சட்டென்று இலகுவாகத் திரும்பும். மூன்று சுற்று, நான்கு சுற்று, வெண்ணெயாக வரும். மெக்கானிக் முகத்தில் வெற்றிப் புன்னகை.

“அண்ணா...”

“என்றா?”

“அது பிரீதருங்ணா.”

கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சூட்டுக் காற்று வெளியேற மேலே வைத்திருக்கும் அந்தச் சின்னக் குமிழுக்கும் ஆறுமூலைத் தலைதான். அது கழன்று வந்ததும் ஒரு கணக்கில் முன்னேற்றம்தான். திறந்த துளையில் துணி அடைத்து வையுங்கள். மேலிருந்து விழும் மண் முழுவதும் கியருக்குள் போய்ச் சேர்வதற்கு முன்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியின் போன் வரும். எப்படி அவருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள்.

“என்னுங்க மேஸ்திரி, எறங்கிருச்சுங்களா? சாயங்காலம் லோடு ஏத்தோணுமுங்க.”

“ஆச்சுங்க. ஒரே ஒரு போல்ட்டுதானுங்க.”

இந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலை பத்து மணிக்கும் உண்மை, மதியம் இரண்டு மணிக்கும் உண்மை, இரவு எட்டுக்கும் உண்மை. பட்டறையில் வேறு எந்த வாக்கியத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது.

வளைவழி

பழைய பட்டறைச் சுவரில் ஆணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் ஆணியிலும் பார்க்கவே பரிதாபமான ஒரு ஸ்பேனர் தொங்கும். ஒன்று பாதியில் அறுத்தது. ஒன்று கேஸ் வெல்டிங்கில் பழுக்கக் காய்ச்சி ‘ட’ வடிவத்தில் வளைத்தது. ஒன்றின் ரிங்கை மட்டும் நறுக்கி, ஒரு நீளக் கம்பியின் நுனியில் பற்றவைத்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியின், ஏதோ ஒரு போல்ட்டுக்காகப் பிறவி எடுத்தது. கடையில் இவை விற்பதில்லை. ஒரு பட்டறையின் நிஜமான சொத்து இந்த ஆணிகள்தான் என்று நான் சொல்வேன். லிஃப்டும் கம்ப்ரஸரும் பணம் இருந்தால் யாரும் வாங்கலாம்.

ஒரே சிக்கல், எது எந்த வண்டிக்கு என்று எழுதி வைக்கும் பழக்கம் நமக்கில்லை. அது மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால், இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் புதிதாக ஒரு நல்ல பதினேழு ரிங் ஸ்பேனரை எடுத்து வளையுங்கள். அளவெடுக்காமல் வளைத்தால் அதுவும் பொருந்தாது. ஆணி ஒன்று கூடும்.

யாரும் போக விரும்பாத வழிகள்

இவை இரண்டு. இரண்டுமே வேலை செய்யும். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மேலிருந்து. கவிழ்க்கும் கேபின் என்றால் கவிழ்த்துவிட வேண்டியது. கட்டிய கேபின் என்றால், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானட்டையும் அதற்குப் பின்னால் உள்ள தரைத் தகட்டையும் எடுத்துவிட வேண்டியது. தண்ணீர் கேனையும் போர்வையையும் இறக்கி, ரப்பர் பாயைச் சுருட்டி, ஏழெட்டுத் திருகாணிகளைக் கழற்றினால், அந்த இரண்டு போல்ட்டும் பட்டப்பகல் வெளிச்சத்தில் மல்லாந்து கிடப்பதைக் காணலாம். இதைச் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் காலையிலிருந்து கைவழியில் நின்றுகொண்டிருக்கிறோம்.

மேலிருந்து வேலை செய்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. போல்ட்டின் தலை வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்பினால் லூஸ். நீங்களோ இன்ஜின் பக்கம் உட்கார்ந்து, தலையை நுழைத்து, முன்னாலிருந்து அதை எட்டிப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு அது வலஞ்சுழி. இந்த இடத்தில் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையைச் சுழற்றி ஒரு நிமிடம் யோசிப்பதைப் பார்க்கலாம். தியானத்தைக் கலைக்காதீர்கள். யோசிக்காமல் பலம் காட்டியவர்கள்தான் போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கிவிட்டு, சரியான துருப்பா இது என்று சபிப்பவர்கள்.

இரண்டாவது வழி, போல்ட்டை நம்மிடம் வரவழைப்பது. கியர் பாக்ஸின் வாலைப் பிடித்திருக்கும் மவுன்டிங்கையும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றி, ஜாக்கியில் தாங்கியபடியே வாலை மெல்லக் கீழே இறக்கினால், இன்ஜினும் கூடவே பின்னால் சாயும். ஹவுசிங்கின் மேல் விளிம்புக்கும் கேபின் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடம் திறக்கும். முன்பு நுழையாத எக்ஸ்டென்ஷன் இப்போது நேராகப் போய் உட்காரும், ஜாயின்ட்கூட வேண்டாம். சாய்க்கும்போது முன்பக்கம் ஒரு கண் வேண்டும்: பின்னால் இறங்கினால் முன்னால் ஏறும், ஃபேன் போய் ரேடியேட்டர் மூடியில் உரசும், ஹோஸ் இழுபடும். அவற்றை முதலிலேயே தளர்த்திவிடுங்கள். பெரிய வண்டிகள் பலவற்றில் இன்ஜினின் பின் மவுன்டிங் ஃப்ளைவீல் ஹவுசிங்கிலேயே இருக்கும். அங்கே ஹவுசிங்கைத் தாங்காமல் வாலை இறக்கப் பார்ப்பது வெறும் ஆசை.

இவ்வளவு நல்ல வழிகள் இருக்க, ஏன் கைவழியில் விழுகிறோம்? கூலி பேசும்போது ‘கியர் பாக்ஸ் இறக்கி ஏற்ற’ என்று பேசுகிறோம். பானட் கழற்ற என்றோ, வால் இறக்க என்றோ பேசுவதில்லை. பேசாத வேலையைச் செய்தால் நஷ்டம் என்று மனம் கணக்குப் போடுகிறது. பேசிய வேலையில் நாலு மணி நேரம் போனால் அது உழைப்பு. பேசாத வேலையில் முக்கால் மணி நேரம் போனால் ஏமாளித்தனம்.

வரிசை

அனுபவமில்லாதவர்கள் சுலபமான பத்தைக் கழற்றிவிட்டுத்தான் கஷ்டமான இரண்டுக்கு வருவார்கள். இந்தக் கையேட்டின் முதல் பத்தியிலும் பையன் அப்படித்தான் செய்தான். நீங்கள் யாரும் தடுக்கவில்லை. பத்தும் போன பிறகு, ஜாக்கி ஒரு விரல்கடை ஏறி இறங்கி நின்றாலும், கியர் பாக்ஸின் பாரம் முழுக்க மேல் இரண்டின் கழுத்தில் தொங்கும். ஏற்கெனவே வராத போல்ட், பாரத்தில் நெரிந்து, இனி வரவே வராது. வட்டம் முழுவதும் பிடித்து நிற்கும்போதே மேல் இரண்டையும் முதலில் எடுத்துவிட வேண்டும். மூன்று மணியும் ஒன்பது மணியும் கடைசி. அவற்றை எடுக்கும் முன், எதிரெதிரே இரண்டு துளையில் தலையில்லாத நீளமான போல்ட்டுகளைப் போட்டு வைத்தால், கியர் பாக்ஸ் அதன்மேல் நேராக வழுக்கிப் பின்னால் வரும். டாப் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டில் தொங்கி அதைக் கோணலாக்காது.

பன்னிரண்டும் எடுத்தாகிவிட்டது, கியர் பாக்ஸ் இன்னும் வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, டவல் பின்னில் துரு பிடித்துப் பிடித்திருக்கும். சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொடுத்தால் விடும். மற்றொன்று, பதின்மூன்றாவதாக ஒரு போல்ட் இருக்கும். பைப் கிளாம்ப்பையோ எர்த் வயரையோ பிடிக்க இடையில் யாரோ போட்டது. இரண்டில் எது என்று பார்க்காமல் கடப்பாரையை எடுப்பவர்களுக்கு மூன்றாவது ஒன்று கிடைக்கும்: ஹவுசிங்கின் காது தனியாக.

ஏற்றுவதற்கு முன்

இறக்கியதோடு இறக்கியதாக ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிளட்ச் பிளேட், ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவற்றில் எது போனாலும் மறுபடி இதே பன்னிரண்டு போல்ட்தான். பேரிங்கைக் கையில் சுற்றிக் காட்டி, சத்தம் கேட்குது பாருங்க என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் அதைக் காதருகே வைத்து, சுற்றிப் பார்த்து, பேரிங் விலையைக் கேட்டு, மறுபடி சுற்றிப் பார்ப்பார். விலை கேட்ட பிறகு சத்தம் குறைந்துவிட்டிருக்கும்.

“இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஓடட்டுமுங்க.”

வாதாட வேண்டாம். ஏற்றும்போது ஷாஃப்ட் பிளேட்டுக்குள் முழுதாகப் போய், ஹவுசிங் இரண்டும் கையாலேயே முகத்தோடு முகம் பொருந்திய பிறகுதான் போல்ட்டை முடுக்க வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் காதோ பிளேட்டோ ஒன்று பலி. மேல் இரண்டையும் முதலில் விரலால் நாலு புரி ஏற்றிவிட்டு மற்றதற்குப் போங்கள். பாக்ஸுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து போல்ட்டைச் செருகினால் வழியில் விழாது. பத்தொன்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டுக்கும் புதுப் பதினேழு போடுங்கள். புரியில் கொஞ்சம் தாராளமாகவே கிரீஸ் தடவுங்கள். சத்தம் கேட்கிறது என்று வண்டி திரும்பி வரும்போது நமக்கே சுலபம். வேறு பட்டறைக்குப் போய்விட்டால் கிரீஸ் நஷ்டம்.